இருபத்துநாலு மடங்கு

அந்தக் குளிர்காலத்தில் பண்ணைக்காரன் வெர்லினின் வயிற்றெரிச்சலுக்கெல்லாம் காரணம் ஒரு கண்ணாடிக் குழாய். நீளம் ஒரு முழம்கூட இருக்காது. கறுப்பு நிறம், கையில் எடுத்தால் நல்ல கனம். துப்பாக்கிமேல் பூட்டிக் குறிபார்க்கிற ஸ்கோப். அது கோல்ட்டனுடையது.

மார்லோ என்கிற இந்த ஊருக்குக் கோல்ட்டன் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. ஸ்ட்ரோம் கிழவரின் மகளைக் கட்டிக்கொண்டு டென்வரிலிருந்து வந்தவன். முப்பது வயது. யாரைப் பார்த்தாலும் 'சார்' போட்டுப் பேசுவான். அந்த 'சார்' வேறு வெர்லினுக்கு ஆகாது. துப்பாக்கியில் பூட்டுவதற்கு முன்னால் அந்த ஸ்கோப்பைப் பெட்டியோடு டீசல் பங்க்குக்குக் கொண்டுவந்தான். காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தார்கள். வெர்லினும் பார்த்தான். அரை மைல் தள்ளி மேய்ந்த மாட்டின் காதில் தொங்கிய வில்லையில் எண் தெரிந்தது. "பரவால்ல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். அன்று மதியச் சாப்பாடு அவனுக்கு இறங்கவில்லை.

கண்ணாடி மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பான். விஷயம் ஹார்லன். இருபது குளிர்காலமாக ஹார்லன் ஊதுவான், வெர்லின் சுடுவான். அடிபட்ட முயல் கத்துகிற மாதிரி ஹார்லன் அந்தச் சின்னக் குழலை ஊதினால் எங்கோ மேட்டுக்கு அப்பால் படுத்திருக்கிற கொயோட்டி, அந்தக் குள்ள ஓநாய், எழுந்து வந்துவிடும். கன்று ஈனும் பருவத்துக்கு முன்னால் கொயோட்டிகளைக் குறைப்பதற்காக ஊரில் ஜனவரியில் ஒரு போட்டி நடக்கும். ஒரு ஜோடிக்கு இரண்டு பேர்தான். ஹார்லனும் வெர்லினும் ஆறு தடவை ஜெயித்திருக்கிறார்கள். இந்த வருஷம், போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, ஹார்லன் வேலியில் சாய்ந்துகொண்டு, கோல்ட்டன் தன்னோடு சேரலாமா என்று கேட்டான் என்றும், தான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றும் சொன்னான். சொல்லிவிட்டு, கொயோட்டிகள் இப்போதெல்லாம் உஷாராகிவிட்டன, நானூறு கஜத்திலேயே நின்றுவிடுகின்றன, கிட்டே வருவதில்லை என்று ஒரு பெருமூச்சு விட்டான்.

வெர்லினுக்கு அந்தப் பெருமூச்சு போதும். அவ்வளவு தூரத்துக்குப் போதாத, ஒன்பது மடங்கே பெரிதாக்குகிற தன் பழைய ஸ்கோப்பைத்தான் சொல்கிறான் என்று முடிவு கட்டிவிட்டான். அடுத்த நாளே துப்பாக்கிச் சாமான் விற்கிற நோரீன் கடைக்குப் போனான்.

நோரீனும் வெர்லினும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். முன்னூறு டாலருக்குமேல் போகமுடியாது என்று அவன் சொன்னதும், அவள் இரண்டு ஸ்கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தாள். விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று நாலு மடங்கிலிருந்து பதினாறு மடங்கு வரை காட்டும். மற்றது ஆறிலிருந்து இருபத்துநாலு வரை. கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் இரண்டுமே பளிச்சென்று இருந்தன.

"உள்ள பாத்தா எல்லாம் அழகாத்தான் தெரியும். வா வெளிய," என்றாள்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு நடைபாதைக்கு வந்தார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தெருக்கோடியில் தானியக் களஞ்சியம். அதன் உச்சியில் வெளிறிப்போன எழுத்துகள். இருபத்துநாலில் வைத்துப் பார்த்தபோது எழுத்து பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் சாம்பல் தண்ணீருக்குள் கிடப்பது போல இருந்தது. மற்றதைப் பத்தில் வைத்துப் பார்த்தான். எழுத்து சிறியது, ஆனால் வரி வரியாகப் படிக்கமுடிந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஸ்கோப்பின் முன்கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர் அகலமோ, அதை மடங்கால் வகுத்தால், பின்பக்கம் கண்ணுக்குள் வந்து விழுகிற ஒளித்துண்டின் அகலம் கிடைக்கும். ஐம்பதை இருபத்துநாலால் வகுத்தால் இரண்டு மில்லிமீட்டர்தான். அந்தி நேரத்தில் கண்மணி ஐந்து மில்லிமீட்டர் வரை விரிந்து வெளிச்சத்துக்குக் காத்திருக்கும். ஐந்து கேட்கிற கண்ணுக்கு இரண்டு கொடுத்தால் காட்சி இருட்டத்தான் செய்யும். உயர்ந்த விலைக் கண்ணாடியில்கூட இந்தக் கணக்கு மாறாது. ஆனால் அதில் பூசியிருக்கிற பூச்சு, வருகிற ஒளியை அதிகம் வீணாக்காமல் உள்ளே அனுப்பும். மலிவில் அதற்கு வழியில்லை. ஒரே விலையில் மடங்கைக் கூட்டினால் வேறு எங்கோ கை வைத்துத்தான் ஆகவேண்டும். கை வைப்பது பெரும்பாலும் கண்ணாடியில்தான்.

"இன்னொன்னு, இந்தக் கோடு இருக்கு பாரு," என்று நோரீன் குறுக்குக்கோட்டுக்குக் கீழே ஏணிப்படி மாதிரி இருந்த சின்னக் கோடுகளைக் காட்டினாள். தோட்டா தூரம் போகப்போகக் கீழே இறங்கும். இருநூறு கஜத்துக்குச் சரிசெய்த துப்பாக்கியில் நானூறு கஜத்துக்கு இரண்டு அடி இறங்கிவிடும். அதற்காகத் துப்பாக்கியை எவ்வளவு உயர்த்திப் பிடிப்பது என்று ஊகிக்க வேண்டாம். நானூறுக்கான படியை விலங்கின்மேல் வைத்தால் போதும். "ஆனா இந்தப் படியெல்லாம் இருபத்துநாலுல வச்சாத்தான் கணக்கு. மடங்கைக் கொறச்சா உருவம் சின்னதாகும், கோடு அப்படியேதான் நிக்கும். பாதியாக் கொறச்சா ஒவ்வொரு படிக்கும் ரெண்டு மடங்கு அளவு. மறந்துராத."

வெர்லினுக்கு இதெல்லாம் தெரியும். ஊரில் பாதிப் பேருக்கு அவன்தான் ஸ்கோப் பூட்டிக் கொடுத்திருக்கிறான். நாலு-பதினாறுதான் தனக்கு ஏற்றது என்பதும் தெரியும். அதைக் கையில் எடுத்துக்கூட விட்டான். அப்புறம் கேட்டான், "கோல்ட்டன் வச்சிருக்கிறது எத்தன?"

"இருபத்தஞ்சு."

வெர்லின் கையிலிருந்ததை மெதுவாகக் கீழே வைத்தான்.

"எதுக்குக் கேட்ட?"

"சும்மாத்தான்."

நோரீன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, இருபத்துநாலைப் பெட்டியில் போட்டுக்கொடுத்தாள்.

போட்டிக்கு முந்தின வாரம் மூன்று பேருமாக ஒருதடவை போய்ப் பார்க்கலாம் என்று ஹார்லன் ஏற்பாடு செய்தான். வெர்லினுக்கு அது பரீட்சை என்றே பட்டது. சாயங்காலம் மூன்று மணிக்கு மேல், காற்று முகத்தில் அடிக்கிற மாதிரி ஒரு மேட்டுச் சரிவில் உட்கார்ந்தார்கள். வெர்லின் நடுவில். வலப்பக்கம் கோல்ட்டன், மடியில் அந்தத் துப்பாக்கி. வெர்லினின் கண் அடிக்கடி அந்தப் பக்கமே போனது. ஹார்லன் கொஞ்சம் பின்னால், தன் பழைய ஷாட்கன்னோடு. கிட்டே வந்துவிட்டால் அதுதான் உதவும் என்று அவன் எப்போதும் எடுத்துவருவான்.

ஹார்லன் ஊதினான், நிறுத்தினான், மறுபடி ஊதினான். பனி லேசாக விழ ஆரம்பித்தது. எதிர்ச்சரிவில் ஒரு கொயோட்டி வந்து நின்றது. காதை நிமிர்த்தி, முன்னங்காலை ஊன்றி, அங்கேயே நின்றுவிட்டது. தூரம் அளக்கும் கருவியைப் பார்த்துவிட்டுக் கோல்ட்டன், "நானூத்தி அஞ்சு, சார். நீங்க அடிங்க," என்று கிசுகிசுத்தான்.

அந்தப் பெருந்தன்மையும் வெர்லினைச் சுட்டது. இருபத்துநாலில் கண் வைத்தான். பனியும் அந்தியும் சேர்ந்து எல்லாமே சாம்பலாக இருந்தது. எது கொயோட்டி, எது புல் என்று பிரிக்கமுடியவில்லை. இடது கை தானாக, மடங்கைக் கூட்டிக் குறைக்கும் வளையத்தைத் திருகியது. பன்னிரண்டுக்கு வந்ததும் வெளிச்சம் வந்தது, கொயோட்டி தெரிந்தது. நானூறுக்கான படியை அதன் தோளில் வைத்தான். மூச்சைப் பாதியில் நிறுத்தினான். சுட்டான்.

கொயோட்டியின் முதுகுக்கு இரண்டு அடி மேலே, பின்னால் இருந்த மண்ணில் தூசி கிளம்பியது.

தோட்டா தனக்குப் பின்னால் விழுந்தால் கொயோட்டி அந்தச் சத்தத்திலிருந்து விலகித்தான் ஓடும். அதாவது சுட்டவனை நோக்கி ஓடும். இதுவும் ஓடிவந்தது. வெர்லின் ஸ்கோப்பில் தேடினான். பன்னிரண்டு மடங்கில் கிட்டே வருகிற விலங்கைத் தேடுவது சாவித்துவாரத்தின் வழியாகக் கோழியைத் தேடுவது போலத்தான். புல், பனி, புல். தலைக்கு மேலே ஹார்லனின் ஷாட்கன் வெடித்தது. முப்பது கஜத்தில் கொயோட்டி உருண்டு விழுந்தது.

 முதலில் கோல்ட்டன்தான் பேசினான். பள்ளத்தில் காற்று சுழன்றிருக்கும், அதுதான் தோட்டாவைத் தூக்கியிருக்கும் என்றான். அக்கறையாகத்தான் சொன்னான். வெர்லின் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் இவன் தனக்கு முட்டுக் கொடுப்பதா என்று அவனுக்குள் ஏதோ கொதித்தது.

"காத்தும் இல்ல ஒண்ணும் இல்ல. மடங்கைக் கொறச்சுட்டுக் கோட்ட மாத்தாம அடிச்சேன்," என்றான்.

ஹார்லன் ஷாட்கன்னை நடுவில் மடித்துக் காலித் தோட்டாக் கூட்டை வெளியே எடுத்தான். "நீயா? ஊருக்கே பாடம் எடுக்கிற ஆளு. ஏன்டா இதப் போயி வாங்கின?"

"அவன் வச்சிருக்கிறது இருபத்தஞ்சு."

கோல்ட்டன் எழுந்து பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டினான். பிறகு, கொயோட்டியை எடுத்துவருவதாகச் சொல்லி இறங்கிப் போய்விட்டான். அவன் காதுக்கு எட்டாத தூரம் போகும்வரை ஹார்லன் காத்திருந்தான்.

"வெர்லின், நான் முந்தாநாளே அவன்கிட்ட சரின்னு சொல்லிட்டேன்டா. ஒன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

"நல்ல கண்ணாடிதான்."

"கண்ணாடியாவது மண்ணாவது. கெழவன் ஸ்ட்ரோமோட நெலத்துக் கேட்டுச் சாவிடா. முப்பது வருஷமா அந்தப் பள்ளத்தாக்குக்குள்ள ஒருத்தன விட்டிருக்கானா? மாப்பிள்ளைக்குத் தெறந்து விட்டுட்டான். அங்க கொயோட்டிங்க துப்பாக்கிச் சத்தமே கேட்டதில்ல. நீ சொல்லு, நீயா இருந்தா என்ன பண்ணுவ?"

வெர்லினுக்குப் பதில் தெரியும்.  ஸ்ட்ரோமின் நிலமும் அவன் நிலமும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கம். சின்ன வயசிலிருந்து அந்த வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்திருக்கிறான். ஒரு மாசமாகத் தான் பொறாமைப்பட்டது தப்பான பொருளைப் பார்த்து என்று தெரிந்தபோது மனசு ஆறவில்லை. பொறாமை கண்ணாடியிலிருந்து சாவிக்கு இடம் மாறிக்கொண்டது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஸ்கோப்பை நோரீனிடம் கொண்டுபோனான்.  நாலு-பதினாறு பெட்டி கல்லாவுக்குப் பக்கத்திலேயே தயாராக இருந்தது. வாங்கிவந்து அன்றைக்கே பூட்டினான். காகிதத்தில் ஒரு புள்ளியைக் குறிவைத்துச் சுட்டான். ஸ்கோப்பின் குறியைத் திருத்தும் திருகுகளை மேலே இருபது சொடுக்கு, வலப்பக்கம் இருபது, கீழே இருபது, இடப்பக்கம் இருபது என்று திருப்பி, ஒவ்வொரு மூலையிலும் அதே புள்ளியைப் பார்த்துச் சுட்டான். தோட்டாத் துளைகள் காகிதத்தில் ஒரு சதுரம் போட்டு, கடைசித் துளை முதல் துளையைத் தொட்டது. மலிவு ஸ்கோப் பலதுக்கும் இந்தச் சதுரத்தில்தான் குட்டு வெளிப்படும். திருகு போன வழியில் திரும்பி வராது. இது வந்தது. காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

போட்டியன்று காலை வெர்லின் மாடுகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். வேறு யாரோடும் ஜோடி சேர மனசில்லை. வேலிக்கு அப்பால் பள்ளத்தாக்கிலிருந்து வெடிச்சத்தம் கேட்டது. அவனையறியாமல் காது அடுத்த சத்தத்துக்குக் காத்திருந்தது. தோட்டா உடம்பில் பட்டால், வெடித்த கொஞ்ச நேரத்தில், ஈரத் துணியைக் கல்லில் அறைந்த மாதிரி ஒரு சத்தம் திரும்பிவரும். முதல் வெடிக்கு வந்தது. வெர்லின் வைக்கோல் கட்டை எட்டி உதைத்தான். ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று. அதற்கும் வந்தது.

பத்து மணி வாக்கில் மூன்று வெடி, ஒன்றன்பின் ஒன்றாக, அவசர அவசரமாக. மூன்றுக்கும் எதிரொலி மட்டும்தான். வெர்லின் டிரக்கிலிருந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மாட்டுத்தொட்டிக்குப் பின்னால் மண்டியிட்டான். பள்ளத்தாக்கிலிருந்து தப்புகிற எதுவும் வேலியில் எங்கே நுழையும் என்பது அவனுக்குத் தெரியும். தண்ணீர் அரித்த ஓர் இடத்தில் கீழ்க்கம்பி தரையிலிருந்து ஓரடி மேலே நிற்கும்.

கொயோட்டி அந்த வழியாகத்தான் வந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் வந்ததும் ஓட்டத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தது. வெர்லின் ஸ்கோப்பை நாலில் வைத்திருந்தான். முழு விலங்கும் தெரிந்தது, அதைச் சுற்றிப் பனியும், பின்னால் தோட்டாவைத் தடுத்து நிறுத்தக்கூடிய மண்மேடும் தெரிந்தது. நூற்றைம்பது கஜம். எந்தப் படியும் வேண்டாம். நடுக்கோட்டை வைத்துச் சுட்டான். அந்த ஈரத்துணிச் சத்தம் இந்தமுறை அவனுக்காகக் கேட்டது.

அது எந்தக் கணக்கிலும் சேராது. அவன் போட்டியிலேயே இல்லை. வால் நுனியைப் பிடித்து டிரக்குக்கு இழுத்து வரும்போது போன் அடித்தது. ஹார்லன்.

"இப்ப வெடிச்சது நீயாடா?"

"ஆமா."

"விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம். யாரோ ஏதோ கேட்பதும், ஹார்லன் போனைக் கையால் பொத்திக்கொண்டு பதில் சொல்வதும் கேட்டது. இருபத்தைந்தில் வைத்துவிட்டு, ஓடுகிறதைத் தேடிப் பிடிக்கமுடியாமல் கோல்ட்டன் மூன்று தோட்டாவை வீணடித்தான் என்று ஹார்லன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினான்.

"நீ இப்ப எந்தக் கண்ணாடி போட்டிருக்கேன்னு பையன் கேக்குறான்."

வெர்லின் கொயோட்டியை டிரக்கில் தூக்கிப் போட்டான். கையுறையைக் கழற்றினான். பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனாலும் அதை அவசரப்பட்டுச் சொல்லிவிட அவனுக்கு மனசே வரவில்லை.

"என்னடா, லைன்ல இருக்கியா?" என்றான் ஹார்லன்.

"இருக்கேன், இருக்கேன்," என்று சொல்லிவிட்டு வெர்லின் டிரக்கில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். "அவனையே என்கிட்ட கேக்கச் சொல்லு."