மாமாவின் படகு ஒழுகுகிறது, பாஞ்சாலி அக்கா வீட்டில் தண்ணீர் இல்லை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. இப்போதே சொல்லிவிடுகிறேன். நடுவில் கண்டுபிடித்து என்மேல் வருத்தப்பட வேண்டாம்.

எங்கள் கல்லூரி ஆண்டு மலருக்கு ஒரு கதை வேண்டும் என்றான் கலைவாணன். அவன்தான் மலரின் மாணவ ஆசிரியன், என் பெஞ்சுக்காரன். நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன்: அரூரிலிருந்து தீர்த்தமலை போகும் சாலையில், எங்கள் ஊர் ஓரத்தில், என் தாய்மாமன் மாதவராஜ் ஒரு பழைய பாய்மரப் படகை நிறுத்தி வைத்திருக்கிறார். அதன் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது. அதனால் தெருக்கோடியில் இருக்கும் பாஞ்சாலி அக்கா வீட்டுக்குக் குடிதண்ணீர் வருவதில்லை.

"நம்பற மாதிரி இல்லடா" என்றான்.

"எது, தண்ணி வராததா?"

"அது எல்லா ஊர்லயும் நடக்கறதுதானே. படகுடா! கடலே இல்லாத நம்ம மாவட்டத்துல பாய்மரப் படகு எப்டிடா வரும்?"

"லாரியில."

கவனியுங்கள். ஒரு வீட்டுக்குத் தண்ணீர் வராததை நம்ப அவனுக்கு ஆதாரமே தேவைப்படவில்லை. படகுக்கு மட்டும் வேண்டுமாம். நீங்களும் இவ்வளவு நேரம் படகைப் பற்றித்தானே யோசித்துக்கொண்டிருந்தீர்கள்?

2

சரி, படகை நம்ப வைக்கிறேன். தொடக்கங்கள்:

"கடல் அலைகள் ஆர்ப்பரித்த அந்த மாலைப் பொழுதில், மாதவராஜின் மனம்" (இல்லை. இங்கே ஆர்ப்பரிப்பது கிரானைட் லாரி மட்டும்தான்.)

"சிறுவயது முதலே கடலின்மீது தீராக் காதல் கொண்டிருந்த" (பொய். படகு வாங்கப் போன அன்றுதான் மாமா கடலையே பார்த்தார். "பெருசாத்தான் இருக்குது" என்றார். காதல் அவ்வளவுதான்.)

உண்மை சுருக்கமானது. புதுச்சேரி பக்கம் ஒரு பட்டறையில், உரிமையாளர் கைவிட்டுப் போன படகு பழைய சாமான் விலைக்குக் கிடைத்தது. மாமா அதை டிரெய்லரில் ஏற்றிவந்து, செங்கல் தூண்கள்மேல் உட்கார வைத்து, 'கப்பல் ஹோட்டல்' என்று போர்டு எழுதினார். தீர்த்தமலைக் கோயிலுக்குப் போகிறவர்கள் ஏறி உட்கார்ந்து இட்லி சாப்பிடுவார்கள். படகிலேயே கட்டிய தொட்டியிலிருந்து தண்ணீர் குடிப்பார்கள் என்பது திட்டம்.*

* படகிலேயே கட்டியது என்றால், உட்காரும் பலகைகளுக்கு அடியில் படகின் சுவரையே ஒரு பக்கமாக வைத்து ஃபைபரில் வார்த்த தொட்டி. கழற்ற முடியாது. கழற்ற வேண்டுமானால் படகை அறுக்க வேண்டும். "மேல ஒரு கறுப்பு டேங்க் வெச்சிடலாம் மாமா" என்றேன். "டேங்க் வெச்சா அது வூடுடா. படகு கெடையாது" என்றார்.

3

ஒழுகும் தொட்டியில் ஓட்டை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் இணையத்தில் தேடினேன். தொட்டியை மூடிக் கொஞ்சமாகக் காற்றடித்து, வெளியே சோப்பு நுரை தடவினால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழி கிளம்பும். சொட்டுத் தண்ணீர் தேவையில்லை.

"காத்து ஒழுகறதும் தண்ணி ஒழுகறதும் ஒண்ணாடா?" என்றார் மாமா. "பஞ்சர் கடைல எப்டிப் பாக்கறான்? தண்ணியிலதானே?"

"டியூப்பத் தண்ணியில முக்கறாங்க மாமா. தண்ணியக் கொண்டாந்து டியூப்ல ஊத்தறதில்ல."

"படகத் தூக்கி எந்த ஏரியில முக்கட்டும், சொல்லு."

எங்கள் ஏரியில் கிரிக்கெட் நடக்கிறது.

"அப்ப போர்த் தண்ணிய ஊத்துங்க. எதுக்குக் கொழாயில வர்ற ஆத்துத் தண்ணி?"

"போர்த் தண்ணியில உப்புடா. படிஞ்சி படிஞ்சி ஓட்டைய அதுவே அடைச்சிக்கும். அப்பறம் எங்க ஒழுகுதுன்னு எப்டித் தெரியும்?"

எனக்கு ஆத்திரமே இதுதான். இப்படி ஒரு அநியாயத்துக்கு இப்படி ஒரு தர்க்கம் இருக்கக் கூடாது.

ஆகவே, தெருக்குழாயில் குடிதண்ணீர் விடும் நாளெல்லாம் மாமா குழாயோடு மோட்டாரைச் சேர்த்து உறிஞ்சித் தொட்டியை நிரப்புவார். எங்கேயோ சொட்டும். ஈரத்தில் ரெசின் பசை ஒட்டாது என்பதால், முழுத் தண்ணீரையும் தரையில் திறந்துவிட்டுக் காய வைத்து, ஒட்டுப் போடுவார். ஒட்டு நின்றதா என்று பார்க்க அடுத்த தண்ணீர் நாளில் மறுபடி நிரப்புவார். வேறு இடத்தில் சொட்டும்.

4

(இந்தப் பகுதியில் கடற்காற்று வீசியது. நீக்கிவிட்டேன்.)

5

மாமாவை வில்லனாக்க முயன்றேன். "அவர் மீசையை முறுக்கியபடி கொடூரமாக" என்று ஒரு வாக்கியம் தொடங்கிக் கிடக்கிறது. அவருக்கு மீசை இல்லை. மலையேறிக் களைத்து வருபவர்களுக்குக் காசு வாங்காமல் தண்ணீர் கொடுப்பது அவர் ஆசை. "புண்ணியம்டா" என்பார், கண் கலங்கிவிடும். அடுத்த வீட்டுக் குடத்திலிருந்து எடுத்துச் செய்யும் புண்ணியத்துக்கு யார் கணக்கில் வரவு வைப்பார்கள் என்று கேட்டேன். "நீ காலேஜ் போய்க் கெட்டுட்ட" என்றார்.

6

நேற்று தண்ணீர் நாள். மோட்டார் போடுவதற்கு முன்பே பாஞ்சாலி அக்கா காலிக் குடத்தோடு வந்தார். ஏணியில் ஏறினார். தொட்டி வாயின்மேல் குடத்தைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"எறங்கு பாஞ்சாலி. ஒட்டு இப்பத்தான் காஞ்சிருக்குது."

"ஏங்கண்ணா, இந்தப் படகு கடல்ல ஒழுகாதயா ஓடுச்சி?"

"ஒழுகியிருக்கும்மா. அங்க சுத்தியும் தண்ணி, யாரு பாக்கறா?"

"அங்க சுத்தியும் தண்ணி. இங்க சுத்தியும் நாங்க இருக்கறோம்."

மாமா என்னைப் பார்த்தார். நான் பாய்மரத்தைப் பார்த்தேன்.

"போர்த் தண்ணி குடிச்சிப் பெரியவளுக்குப் பல்லு பூராப் பழுப்பு. ஸ்கூல்ல வாயத் தொறந்து சிரிக்க மாட்டேங்கறா. சின்னவ வெண்மதிக்காச்சும் ஆத்துத் தண்ணி குடுக்கலாம்னு கொழாயடியில உக்காந்தா, காத்துதான் வருது. உங்களுக்கும் காத்தடிச்சிப் பாக்கணுமாமே? எங்க கொழாயில வந்து புடிச்சிக்கங்க, நெறைய வருது."

(இவ்வளவு நல்ல வசனத்தை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் கலைவாணன் 'செயற்கை' என்றிருப்பான்.)

"இதுதான் கடைசி வாட்டி பாஞ்சாலி. நின்னுச்சின்னா மொதக் கொடம் ஒனக்குத்தான், சத்தியமா."

"ரெசின் நாத்தத்தோடயா? அத உங்க கஸ்டமருக்கே குடுங்க. எனக்குக் கொழாயில வந்தாப் போதுங்கண்ணா."

அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது.

7

முடிவு (அ): மாமா மனம் திருந்தி மோட்டாரைக் கழற்றுகிறார். படகில் பூந்தொட்டி வைக்கிறார்கள். கலைவாணனுக்கு இது பிடித்திருக்கிறது. அவனுக்குப் பிடித்ததாலேயே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

முடிவு (ஆ): பாஞ்சாலி அக்கா மோட்டாரைக் கல்லால் உடைக்கிறார். போலீஸ் வருகிறது. மோட்டார் வைத்தவரையா, உடைத்தவரையா, யாரைக் கூட்டிப் போவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

முடிவு (இ): ஒட்டு நிற்கிறது. தொட்டி இனி ஒழுகவே இல்லை. ஒவ்வொரு தண்ணீர் நாளும் மாமா அதை நிரப்பிக்கொண்டே இருக்கிறார். (இருப்பதிலேயே பயங்கரமான முடிவு இதுதான். கலைவாணன் இதை 'சுபம்' என்கிறான்.)

நான் மூன்றையும் கொடுக்கப் போவதில்லை. நடந்ததையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் "பாவம்" என்று ஒரு வார்த்தை உதிர்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள்.

கொஞ்சம் இப்படி வாருங்கள். மாமா டார்ச்சோடு பலகைக்கு அடியில் படுத்திருக்கிறார், எங்கே சொட்டும் என்று பார்க்க. "சுவிட்ச்சப் போடு!" என்று உள்ளிருந்து கத்துகிறார். யாரிடம் சொல்கிறோம் என்று அவர் பார்க்கவில்லை. எனக்கு ஆண்டு மலர் வேலை இருக்கிறது, கிளம்புகிறேன். சுவிட்ச் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

பாஞ்சாலி அக்கா எழுந்திருக்கவில்லை. உங்களை ஏற இறங்கப் பார்க்கிறார்.

"ஏங்க, உங்க வூட்லயும் மோட்டார் வெச்சிருக்கீங்களா?"