ஒரு நாளும் நின்றதில்லை

கண்ணையன் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து, முந்தின நாள் சாயங்காலம் விரித்து வைத்திருந்த செய்தித்தாளைக் கையால் தடவிப் பார்த்தான். நான்கு பக்கமும் உலர்ந்து கிடந்தது. மூன்றாவது ஐந்தாண்டுத் திட்டத்தைப் பற்றி அதில் நிறைய இருந்தது. ஈரம் மட்டும் இல்லை. ஆனால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தால் இரண்டு சொம்புத் தண்ணீர் குறைந்திருந்தது. போன மாதம் வரைக்கும் ஒரு சொம்புதான். தரையில் சொட்டாமல், குழாயை நனைக்காமல், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அது தினமும் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

பர்மா சண்டைக்கென்று கப்பலில் வந்து, சண்டைக்குப் போகாமலே ஏலத்துக்குப் போன லாரி அது. இப்போது ஒரு கான்ட்ராக்டரிடம் இருந்தது. காலையில் முத்தாண்டிக்குப்பத்தில் முப்பது பெண்களை ஏற்றிக்கொண்டு நெய்வேலிக்குப் போகும். அவர்கள் அங்கே செங்கல்லும் கலவையும் சுமந்து, தாங்கள் குடியிருக்கப் போகாத குவார்ட்டர்ஸ்களைக் கட்டுவார்கள். சாயங்காலம் அதே லாரி அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டும். அந்த முப்பது பேரில் கண்ணையனின் பெண்டாட்டி செல்லக்கிளியும் ஒருத்தி. ஊரில் மற்றவர்கள் அதை, புருஷன் ஓட்ட மகாராணி மாதிரி போகிறாள் என்று சொன்னார்கள். மகாராணி நின்றுகொண்டுதான் போவாள். உட்கார இடமிருக்காது.

கண்ணையனுக்கு வருகிற திங்கட்கிழமை நெய்வேலிக் கம்பெனியில் டிரைவர் வேலைக்கு இன்டர்வியூ. பெர்மனன்ட் வேலை. ஷிப்டு உண்டு, சீருடை உண்டு, கொஞ்ச காலம் போனால் குவார்ட்டர்ஸும் உண்டு. இன்டர்வியூவுக்குப் போகிறவன் கையில் அனுபவக் கடிதம் இருக்க வேண்டும். கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் பரமசிவம் ஒரே மாதிரிக் கடிதத்தைத்தான் எல்லோருக்கும் கொடுப்பார்: 'இவர் மூன்று வருஷம் வண்டி ஓட்டினார். ஒரு நாளும் வண்டி வழியில் நின்றதில்லை.' நல்ல டிரைவரை அளக்க அவரிடம் வேறு படி கிடையாது. குடித்திருக்கலாம், ஆட்டின் மேல் ஏற்றியிருக்கலாம். வண்டி நின்றிருக்கக் கூடாது. சனிக்கிழமை கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். கண்ணையன் போன பிறகு லாரியை ஓட்டப் போகிறவனும் முடிவாகிவிட்டான். செல்லக்கிளியின் அண்ணன் சடையப்பன். மூன்று பிள்ளைக்காரன். லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமாய் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொல்லையில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

ஆகவே சனிக்கிழமை வரை ஓட்டிவிட்டால் போதும். தினம் இரண்டு சொம்பு ஊற்றினால் ஓடியிருக்கும். ஆனால் அதற்குள் இரண்டு சொம்பு நான்காகி நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று கண்ணையனுக்கு பயம் வந்துவிட்டது. பயம் வந்தவன் புத்திசாலி ஆகிவிடுகிறான். அதுதான் ஆபத்து.

புதன்கிழமை காலையில் செல்லக்கிளி துணிக்குப் போடுகிற நீலப்பொடியைக் கரைத்து ரேடியேட்டரில் ஊற்றினான். தண்ணீர் எங்கே கசிந்தாலும் அங்கே நீலம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது கணக்கு. மத்தியானம் வரை ஓட்டிவிட்டு எஞ்சினைத் திறந்து பார்த்தால் நீலம் எங்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பல வருஷத்து நிலக்கரித் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து எஞ்சின் மேல் எருமைத்தோல் தடிமனில் அப்பிக் கிடந்தது. எனவே மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். பெண்கள் சாந்துச் சட்டி தூக்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் தேய்த்தான். எஞ்சின் இரும்பால் ஆனது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சாயங்காலம் ஊர் போய்ச் சேர்ந்ததும் திறந்து பார்த்தான். புகைக்குழாய்க்குப் பின்னால், வார்ப்பிரும்பின் விலாவில், ஒரு சாண் நீளத்துக்கு மயிரிழை போல நீலக் கோடு. கண்டுபிடித்துவிட்டான். செல்லக்கிளியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் நீலத்தைப் பார்த்தாள், தீர்ந்துபோன பொட்டலத்தையும் பார்த்தாள்.

வியாழக்கிழமை இரண்டு சொம்பு போதவில்லை. ஒரு நடைக்கு அரைக் குடம் கேட்டது.

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்து ரோட்டோரம் பட்டறை போட்டிருந்த அப்துல் கபார், குனிந்து பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். காய்ந்து கொதித்த எஞ்சினில் எவனோ பச்சைத் தண்ணீரை ஊற்றியிருக்கிறான், அதில் விட்ட விரிசல் இது, வெகு நாளாய் இருக்கிறது என்றார். நீ தேய்த்து எடுத்த அழுக்குதான் இத்தனை நாள் இதை அடைத்துக்கொண்டிருந்தது என்றும் சொன்னார்.

"இன்னொரு தரம் கொதிக்கும்போது பச்சத் தண்ணி பட்டுது, ரெண்டா பொளந்துக்கும். அப்புறம் இத எடைக்குத்தான் போடணும் தம்பி."

"இப்ப என்னா பண்றது பாய்?"

"கழுவாம இருந்திருக்கலாம்."

இதற்கு முன் இந்த லாரியை ஓட்டியவன் சிங்காரவேலு. கடிதம் வாங்கி, பெர்மனன்ட் ஆகி, இப்போது கம்பெனி பஸ் ஓட்டுகிறான். கண்ணையன் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து அவனைப் பிடித்தான். சிங்காரவேலு மறைக்கவில்லை. கடிதம் கைக்கு வரும் வாரத்தில் வண்டி கொதித்ததாகவும், ஆறவைக்க நேரமில்லாமல் வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றியதாகவும், டப்பென்று ஒரு சத்தம் கேட்டதாகவும், பிறகு நிலக்கரித் தூளையும் பார் சோப்பையும் விளக்கெண்ணெயில் பிசைந்து அப்பியதாகவும் சமையல் குறிப்பு மாதிரிச் சொன்னான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அண்ணே."

"சொன்னா நீ வண்டிய வாங்கியிருப்பியா? மூணு வருசம் ஓடிக்கினுதான இருந்துது. உன்ன எவன்டா கழுவச் சொன்னது?"

பஸ் புறப்பட்டுப் போனது. நல்ல பஸ்.

அன்று சாயங்காலம் செல்லக்கிளி ஆட்டுக்கல்லில் நிலக்கரியை அரைத்தாள். சோப்பைச் சீவிப் போட்டு எண்ணெய் விட்டு, கொழுக்கட்டை மாவு பதத்துக்குப் பிசைந்து கொடுத்தாள். கண்ணையன் அதை விரிசலில் அப்பினான். மூன்று வருஷமாய் மூக்கிலும் காதிலும் சோற்றிலும் தானே வந்து விழுந்த தூளை ஒரு கூடை கேட்டு அலைந்துதான் வாங்கிவர வேண்டியிருந்தது. சிங்காரவேலு சொன்னதையெல்லாம் அவளிடம் சொன்னான். அவள் பிசைந்துகொண்டே, இந்த வண்டியைத்தானே எங்கண்ணன் ஓட்டப் போகுது என்று மட்டும் கேட்டாள். பெர்மனன்ட் ஆனதும் எப்படியாவது சரி செய்துவிடலாம் என்றான் கண்ணையன். யார் சரி செய்வது, யாருடைய வண்டியை என்று அவளும் கேட்கவில்லை, அவனும் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தாங்கியது. மாவு காய்ந்து இறுகி, பழைய அழுக்கைப் போலவே மரியாதையாக உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமை தளம் போடுகிற நாள். தளத்துக்குக் கூடுதல் ஆள் வேண்டுமென்று முப்பது பெண்களுக்குப் பதில் நாற்பத்திரண்டு பேரை ஏற்றினார்கள். கூடவே பரமசிவமும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மடித்த கடிதம் அவருடைய சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் தெரிந்தது. சைட்டுக்குப் போனதும் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார். கண்ணையன் ரோட்டைப் பார்க்கவில்லை, சூட்டு முள்ளைத்தான் பார்த்தான். மேடு ஏற ஏற அதுவும் ஏறியது. சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலை ஒட்டி வண்டி திரும்பும்போது சோப்பு வெந்த நாற்றம் வந்தது. அப்புறம் முன்னால் ரோடு தெரியவில்லை, வெள்ளையாக ஆவிதான் தெரிந்தது. ஓரம் கட்டினான். சாவியில் கை வைத்தான்.

பரமசிவம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஃப் பண்ணாத. ஆஃப் பண்ணி ஆற வுட்டா நின்னதா ஆயிடும். நான் பொய் எழுத மாட்டேன்பா, அது எனக்குப் பழக்கமில்ல. எஞ்சின் ஓடிக்கினு இருந்தா நின்னதா கணக்கில்ல. ரெண்டு கொடம் ஊத்து, கெளம்பு."

நாற்பத்திரண்டு பேரை ஏற்றச் சொன்ன அவரே, லாரியில் வந்தது முப்பது பேர் என்று கான்ட்ராக்டருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

ஆறவைக்க அரை மணி நேரம் போதும். கண்ணையன் அதைச் சொல்லிப் பார்த்தான். அவர் அதற்குள் கடிதத்தை எடுத்து முட்டியில் விரித்து, பேனா மூடியைக் கழற்றினார். அவனுக்கு நல்லது செய்யத்தான் அவரும் அவசரப்பட்டார்.

இறங்கி, சாக்கைச் சுற்றி மூடியைத் திறந்துவிட்டு ஒதுங்கினான். உள்ளே ஏதோ பொரிவது போலச் சத்தம் கேட்டது. எஞ்சின் உதறிக்கொண்டே ஓடியது. பின்னால் பெண்கள் யாரோ, வண்டிக்கும் சேர்த்துச் சோறு வடிச்சிடலாம் போலிருக்கே என்றதும் லாரியே சிரித்தது. செல்லக்கிளி சிரிக்கவில்லை. அவள் இறங்கி, சீட்டுக்கடியில் இருந்த குடத்தை எடுத்து வாய்க்காலில் முக்கி, இடுப்பில் வைத்துக் கொண்டுவந்தாள். குடத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, கை நனைந்ததைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"ஊத்துறதுன்னா ஊத்து மாமா. அண்ணன் கேட்டா, நான் மேல நின்னுக்கினு இருந்தேன், பாக்கலன்னு சொல்லிக்கிறேன்."

சொல்லிவிட்டு அவள் லாரியின் பின்பக்கம் போனாள். ஏறவில்லை, அங்கேயே எதிர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

கண்ணையன் பம்பர் மேல் ஏறி நின்று குடத்தைத் தூக்கினான். திறந்த வாயிலிருந்து வந்த சூடு அவன் கண்ணில் அடித்தது. அந்தச் சூட்டுக்குப் பின்னால் கண்ணாடியும், அதற்குள் பரமசிவமும், அவர் கையிலிருந்த பேனாவும் நெளிந்து நெளிந்து தெரிந்தன. குடம் சாய்ந்தது. தண்ணீர் விளிம்பு வரைக்கும் வந்து, கீழே விழாமல், அங்கே தடித்து நின்றது.