பிழையக்கா

வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அவள் நேயர் பிரிவுக்குள் நுழைந்தபோது மேசையில் சீட்டுகள் ஒரு சாண் உயரத்துக்குக் கிடந்தன. புதன் இரவு எட்டு மணிக்குத் தொடர் ஓடும். வியாழன் காலையில் ஊரே தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். காலை ஷிஃப்ட்காரர்கள், பேசுகிறவர் சொல்வதைச் சொன்னபடியே சீட்டில் எழுதிவைக்க வேண்டும். திருத்தக் கூடாது, மெருகேற்றவும் கூடாது. மதிய ஷிஃப்ட் அதைப் பாராட்டு, புகார், பிழை என்று மூன்று கட்டாகப் பிரித்துக் கணினியில் ஏற்ற வேண்டும். பிழைக் கட்டு ஆறு வருடமாக அவள் தலையில்தான். சுவரில் தப்பான வருடத்துக் காலண்டர் தொங்குகிறது, அந்தக் காலத்தில் அந்த செல்போன் வரவேயில்லை, கீழே முழுக்கைச் சட்டையோடு நின்றவர் மாடி ஏறியதும் அரைக்கையில் நிற்கிறார் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர்கள் எல்லாம் கடைசியில் அவளிடம்தான் வந்து சேர்வார்கள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே பிழையக்கா என்று ஆகிவிட்டது.

தொடர் எதைப் பற்றியது என்பது எல்லாருக்கும் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் வெள்ளத்தில் வீடு போனவர்களின் பட்டியலில், வெள்ளத்தையே பார்க்காத அமைச்சரின் ஆட்கள் ஏறி உட்கார்ந்துகொண்ட விவகாரம் அது. விசாரணை தொடங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஆவண அறையிலிருந்து ஏழு பெட்டிகள் மாயமாயின. தொடரின் தொடக்கத்தில் 'யாவும் கற்பனையே' என்று ஓர் அட்டை வரும். அதை எழுத்துக்கூட்டிப் படிக்கிற சின்னப் பிள்ளைகூட, இது அந்த அமைச்சர்தானே என்று கேட்கும். அமைச்சரோ அதற்கப்புறம் இரண்டு தேர்தலில் ஜெயித்துவிட்டார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கினாள். அமைச்சராக நடிப்பவர் ரொம்ப லட்சணமாக இருக்கிறார், நிஜ ஆள் அப்படியா இருந்தான் என்று ஒருவர். சாப்பிடுகிற நேரத்தில் இந்தத் திருட்டுப் பயல்களை ஏன் காட்டுகிறீர்கள் என்று ஒருவர். அமைச்சர் வீட்டு ஜன்னல் திரை எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஓர் அம்மா. 'மக்கள் தலைவரை மாசுபடுத்தும் முயற்சி' என்று முப்பத்தெட்டுப் பேர், ஒரு சொல் பிசகாமல், ஒரே வாக்கியத்தை. எங்கள் வீடும் போனது, எங்களுக்கும் எதுவும் வரவில்லை, அதை மட்டும் காட்டவில்லையே என்று ஒரு கிழவர். எல்லாரும் பேசி ஓய்ந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போய்விடுவார்கள். அவளுக்கு இதையெல்லாம் படித்துப் படித்துக் கோபம் வருவதே நின்றுபோயிருந்தது. அலுப்பு மட்டும்தான் மிச்சம்.

பாராட்டுக் கட்டில் அன்றைக்கு ஒரே ஆளைப் பற்றி இருபது சீட்டு. 'டிரைவரோட தங்கச்சியா வர்ற பொண்ணு நல்லா நடிச்சிருக்கு. மூஞ்சியிலயே நேர்மை தெரியுது. அவ சொன்னா பொய்யா இருக்காது.' நேற்று சாட்சிக் காட்சி ஓடியிருந்தது, ஒவ்வொரு சாட்சியும் சொன்னதைச் சொன்னபடியே படமாக்கியிருந்தார்கள். அவள் அந்தச் சீட்டுகளைக் குனிந்த தலை நிமிராமல் கணினியில் ஏற்றினாள்.

நிஜத்தில் அந்தத் தங்கச்சி அவள்தான். அமைச்சரின் டிரைவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அலுவலகத்தில் ஒருவருக்கும் இது தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் அவள் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு ஆவண அறைச் சாவியை வைத்திருந்த கிளார்க், அமைச்சரின் வண்டி அலுவலகத்தின் பின் கேட்டுக்கு வந்தது, ஆட்கள் இறங்கிக் கேட்டார்கள், அறையைத் திறந்துவிட்டேன் என்றார். அண்ணனோ, ஐந்தரை மணிக்கே வண்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன் என்றார். வண்டியை எடுக்க வேறு ஆள் கிடையாது என்பதால், அது நிஜமென்றால் வண்டியே வரவில்லை என்று ஆகிவிடும். யார் சொல்வது நிஜம் என்று விசாரணைக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டபோது அவளைக் கூப்பிட்டார்கள். அவள் அன்றைக்கு வேலையிலிருந்து வீட்டுக்கு வந்ததே எட்டு மணிக்கு. வாசலில் அண்ணனின் செருப்பு கிடந்தது, ஆறு மணிக்கே வந்துட்டேன் என்று அண்ணன் சொன்னார். அண்ணன் பொய் சொல்வாரா. அதனால் விசாரணையில், ஆறு மணிக்கு அவர் வந்ததை நான் பார்த்தேன் என்று அவள் சொன்னாள். நிஜத்துக்குக் கொஞ்சம் முட்டுக் கொடுக்கிறோம் என்றுதான் அப்போது நினைத்தாள்.

பெட்டிகளைக் கடத்தியதே கிளார்க்தான் என்று தீர்ப்பாகி, அவருக்கு மூன்று வருடம் சிறை. தீர்ப்புக்கு முன்னால் ஒரு நாள் அவருடைய மனைவி அவள் வீட்டுக் கதவைத் தட்டி, "நிஜமாவே பாத்தியாம்மா?" என்று கேட்டாள். "பாத்தேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினவள்தான். அண்ணன் பொய் சொல்ல மாட்டார் என்கிற நம்பிக்கையில்தான் இத்தனை வருடம் நிம்மதியாகத் தூங்கினாள்.

மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது. எடுத்துக் குரலைக் கேட்டதும், வழக்கம்போல ஒரு சொல்லும் பேசாமல் பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு மாற்றிவிட்டாள். கிளார்க்கின் மனைவி. தொடர் தொடங்கியதிலிருந்து வியாழக்கிழமை மூன்று மணி என்றால் அந்த அம்மாதான்.

பக்கத்து இருக்கைப் பெண் எழுதி முடித்து, எழுதியதை வாசித்துக் காட்டி, போனை வைத்துவிட்டுச் சலித்துக்கொண்டாள். "ஒவ்வொரு தடவையும் வாசிச்சுக் காட்டச் சொல்றாங்கக்கா. ஒரு எழுத்து மாறினாலும் விட மாட்டேங்கிறாங்க."

"முன்னாடி எழுதினவங்க சரியா எழுதல போல" என்றாள் அவள், விசாரணையில் வாக்குமூலம் எழுதிக்கொண்டவர்களை நினைத்துக்கொண்டு.

நான்கு மணிக்குப் பிழைக் கட்டுக்கு வந்தாள். காலண்டர், செருப்பு, சூரியன் மறைகிற திசை. ஐந்தாவது சீட்டு காலை ஷிஃப்ட்காரரின் கோழிக் கிறுக்கலில் இருந்தது.

'பேர் சொல்ல விருப்பமில்லை. ஆண். வயசானவர். பின் கேட்டு காட்சி தப்பு. வண்டியை முன்னால விடுறதா காட்டுறாங்க. அவளுக்கு முதுகு நீளம், முன்னால விட்டா திரும்ப மாட்டா. ரிவர்ஸ்லதான் எடுக்கணும். இடது பக்கக் கண்ணாடியை மடக்கணும். மடக்கியும் அன்னிக்கு செவுத்துல உரசி ஒரு கோடு விழுந்துச்சு.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். அந்த நீளமான அரசாங்க வண்டியை 'அவள்' என்று சொல்கிற ஆள் உலகத்தில் ஒருவர்தான். அவளுக்கு முதுகு நீளம் என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அண்ணன் நூறு தடவை பெருமை அடித்திருக்கிறார். தொடர் ஓடுகிற நாளெல்லாம் அவருக்கு ஒரே புலம்பல்தான்: அந்த நடிகன் கியரைப் பிடிக்கிற லட்சணத்தைப் பார், ஹாரனில் கை வைத்துக்கொண்டே ஓட்டுகிறான் பார். மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்ட மனுஷனுக்கு, வண்டியைத் தப்பாக நிறுத்தியதை மட்டும் பொறுக்க முடியவில்லை. அவள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், பால் வாங்கப் போகிற சாக்கில் வெளியே போய் போன் செய்திருக்கிறார்.

'அன்னிக்கு' என்கிற சொல்லைத்தான் அவளால் தாண்ட முடியவில்லை. ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஒரு சீட்டைக் கணினியில் ஏற்றாமல் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆறரைக்கு வீட்டுக்கு வந்தபோது அண்ணன் சமையலறையில் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அவள் பையை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"காலையில எங்க ஆஃபீசுக்கு போன் பண்ணியாண்ணா?"

"பேரு கேட்டாங்க. சொல்லலையே" என்றார், அதோடு காரியம் முடிந்தது என்பதுபோல. "பாத்துட்டு சும்மா இருக்க முடியல. முன்னால விட்டா எப்படி வெளிய எடுப்பான்? வண்டி ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தன்கூடவா அங்க இல்ல?"

"அன்னிக்கு ஆறு மணிக்கு வந்துட்டேன்னு சொன்ன."

அண்ணன் பூண்டுப் பல்லை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தார். தோல் எப்போதோ வந்துவிட்டது.

"எத்தனை மணிக்குண்ணா வந்த?"

"ஏழே முக்கால் இருக்கும். நான் செருப்பைக் கழட்டி உக்காந்தேன், நீ வந்துட்ட." உரித்த பல்லைத் தட்டில் போட்டார். "பெட்டியை நான் தொடல. வண்டியைக் கொண்டு வந்து நிறுத்துன்னாங்க, நிறுத்தினேன். நிறுத்தலன்னா வேலை போயிருக்கும்."

"அந்த மனுஷன் மூணு வருஷம் உள்ள கிடந்தாரு."

"அவரை நானா உள்ள போட்டேன்?"

"நான் போட்டேன்" என்றாள் அவள்.

அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தார். "இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது? மந்திரி மறுபடியும் ஜெயிச்சுட்டான். எல்லாருக்கும் வயசாயிடுச்சு. விட்டுத் தொலை."

சண்டை போடவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது, தெம்பில்லை. அண்ணன்மேல் வந்த வெறுப்பைவிடத் தன்மேல் வந்தது அதிகம். உரித்த பூண்டை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். அந்த ஒரு வாரம் இரண்டு பேரும் உப்பு, கரண்ட், பால் என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த புதன்கிழமை அண்ணன் தொலைக்காட்சியைப் போடவில்லை.

வியாழன் மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது. அவள் எடுத்தாள். பக்கத்து இருக்கைப் பெண், மாற்றுங்கள் என்று கையை நீட்டினாள். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

"வணக்கம், நேயர் பிரிவு. உங்க கருத்தைச் சொல்லுங்க."

"எப்பவும் பேசுற பொண்ணு இல்லையா?"

"இருக்காங்க. நான் எழுதிக்கிறேன், சொல்லுங்கம்மா."

அந்த அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நேத்து ஜெயில்ல அவரு அழுற மாதிரி காட்டினாங்க. அது தப்பு. அவரு ஒரு நாளும் அழல. வெளிய வந்த அன்னிக்கு, நீங்களே திறங்கன்னு வீட்டுச் சாவியைக் கொடுத்தேன். கையில வாங்க மாட்டேன்னுட்டாரு. அன்னிலேருந்து எந்தச் சாவியையும் தொடுறதில்ல. நான் வெளிய போனா, வர்ற வரைக்கும் கதவைத் திறந்து போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரு. இதை எழுதுங்க."

அவள் எழுதினாள்.

"எழுதிட்டீங்களா? வாசிங்க."

வாசித்தாள். ஒரு எழுத்தும் மாறவில்லை.

"சரியா இருக்கு" என்றாள் அந்த அம்மா. "வச்சிடட்டுமா?"

"இருங்கம்மா. இன்னொரு சீட்டு இருக்கு. எழுதிட்டு உங்களுக்கு வாசிச்சுக் காட்டணும்."

புதுச் சீட்டு ஒன்றை எடுத்தாள். எழுதி முடிக்கும்வரை அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, பிழைக் கட்டுச் சீட்டுகளை மேலதிகாரிக்கு வாசிக்கிற அதே குரலில் வாசித்தாள்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னால, என் அண்ணன் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்ததைப் பாத்தேன்னு நான் விசாரணையில சொன்னது பொய். ஆறு மணிக்கு நானே வீட்டுல இல்ல. பின் கேட்டுல வண்டியை நிறுத்தினது என் அண்ணன்தான். அவரே என்கிட்ட சொன்னாரு. கிளார்க் சொன்னது நிஜம். சொன்னவர், டிரைவரோட தங்கச்சி. யார் கேட்டாலும் இதையே வந்து சொல்றேன்."

பக்கத்து இருக்கையில் விசைப்பலகைச் சத்தம் நின்றுவிட்டது. அவள் காதோடு போனை அழுத்திக்கொண்டு, வாய்க்கு வந்தபடி திட்டட்டும் என்று காத்திருந்தாள். அந்த அம்மா நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"ஸ்பீக்கர்ல போடுறேன்" என்றாள் கிளார்க்கின் மனைவி. "அவரு பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. முதல்லேருந்து வாசிங்க."

அவள் சீட்டை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பிடித்து, முதலிலிருந்து வாசித்தாள்.