லைன்லயே இருங்க

ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையின் டெலிபோனுக்குள் மூன்று பேர் குடியிருந்தார்கள். முதலில் போனவர் கணக்கு வாத்தியார். ஐஸ் கட்டவில்லை என்று அழைத்தவரிடம், கம்ப்ரஸரைக் கழற்றிக்கொண்டிருந்த கடைக்கார அக்கா, "லைன்லயே இருங்க, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அடியோடு மறந்துபோனாள். சொன்னவர் திரும்பி வராவிட்டால்தான் இப்படி ஆகும். வாத்தியார் சொன்ன சொல் தட்டாதவர், லைனிலேயே இருந்துவிட்டார். வீட்டில் அவர் நாற்காலியில் மூக்குக்கண்ணாடி மட்டும் கிடந்தது. அவர் மனைவி கடைக்கு வந்து ரிசீவரை எடுத்துப் பேசிப் பார்த்தாள். வீட்டில் எதைக் கேட்டாலும் வாயைத் திறக்காத மனிதர் இப்போது ஓயாமல் பேசவே, இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று நிம்மதியாகத் திரும்பிப் போனாள். அடுத்த வருஷம் ஒரு தையல்காரி போனாள். அதற்குப் பிறகு, எப்போது அழைத்தாலும் அவசரம் அவசரம் என்று பறந்து, 'அவசரம்' என்றே பெயரெடுத்த பேக்கரிக்காரர். உள்ளே போனபின் அவருக்கு ஒரு அவசரமும் இல்லை. அக்காவின் கை வேலையாக இருக்கும்போது அழைப்பவர்களுக்கு இந்த மூவரும்தான் பேச்சுத்துணை. ஊரில் பாதிப் பேர் அதற்காகவே அந்தக் கடைக்கு அழைத்தார்கள்.

பழைய கம்பி லைன்களைப் பிடுங்கப்போவதாகச் சேதி வந்ததும் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக இன்டர்நெட் போனுக்கு மாறினார்கள். அக்காவின் கவலை ஒன்றுதான். நம்பர் போய்விட்டால் உள்ளே இருப்பவர்கள் என்ன ஆவார்கள்? இதோ வந்துடறேன் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்தவள் அவளல்லவா. முதல் கம்பெனி ஆள், காத்திருப்பவர்களுக்கு இலவசமாகப் பாட்டுப் போடுவோம் என்றான். எங்கள் வாத்தியாரே நன்றாகப் பாடுவார் என்று அக்கா அவனை அனுப்பிவிட்டாள். இரண்டாமவன், கரண்ட் போனால் போனும் போய்விடும் என்று உள்ளதைச் சொன்னான். உள்ளே இருப்பவர்கள் இருட்டில் தடுமாறுவார்களே என்று அவனையும் அனுப்பினாள். வந்தவர்களில் உண்மை பேசியவன் அவன் ஒருவன்தான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

"அக்கா, நீ கம்ப்ரஸரப் பாரு. இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரத்த நான் பாத்துக்கறேன். நம்பரும் வரும், ஆளுங்களும் வருவாங்க" என்றான் தம்பி. அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன், அவளிடமே ஸ்பானர் பிடிக்கக் கற்றவன். அவனிடம் எதையும் இரண்டாம் முறை கேட்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. அவன் தேர்ந்தெடுத்ததும் நல்ல கம்பெனிதான், அதில் குறை சொல்ல முடியாது. சொன்னபடியே நம்பர் வந்தது, மூவரும் வந்தார்கள். வந்து சேர்ந்த இடம்தான், அடுத்த தெருவில் தம்பி தன் பேரில் திறந்த புதுக்கடை. அக்காவின் மேசையில் பளபளவென்று ஒரு புதுப் போன் இருந்தது. எடுத்து "வாத்தியாரே" என்று கூப்பிட்டாள். உள்ளே யாருமில்லை. வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது என்று தெரு பேசிக்கொண்டது. அவன் கேட்டிருந்தால் அக்கா கடையையே தூக்கிக் கொடுத்திருப்பாள். கேட்காமல், அதுவும் நம்பவைத்து எடுத்துக்கொண்டானே என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஒரு வாரம் யாரும் அழைக்கவில்லை. எட்டாம் நாள் அவளே தன் பழைய நம்பருக்கு அழைத்தாள்.

"யாருங்க?"

"நான்தான்டா."

எடுத்தவன் தம்பிதான். அவனுக்குப் பின்னால் பேக்கரிக்கார அவசரம் இருமுவது கேட்டது.

"ஏன்டா இப்படிப் பண்ணினே?"

அவளிடம் கற்றதைத்தான் அவனும் சொன்னான். "அக்கா, லைன்லயே இரு. இதோ வந்துடறேன்."

அவன் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். போனை வைத்துவிட்டிருக்கலாம். ஆனால் தான் அதே வார்த்தையைச் சொல்லி உட்காரவைத்த மூன்று பேர் நினைவுக்கு வந்தார்கள். அவள் வைக்கவில்லை. சாயங்காலம் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப்பார்த்தபோது மேசைமேல் ஸ்பானர் மட்டும் இருந்தது. லைனுக்குள் வாத்தியார் நகர்ந்து இடம் விட்டார். "வந்துட்டீங்களா" என்றாள் தையல்காரி, நேற்றுத்தான் சொல்லிவிட்டுப் போனவளிடம் கேட்பதுபோல. "வந்துட்டேன். கொஞ்சம் தாமதமாயிடுச்சு" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து அந்த நம்பருக்கு அழைப்பவர்களிடம் முதலில் பேசுவது அவள்தான். கதவு ரப்பரைத் துடையுங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவையுங்கள் என்று சொல்லியே பாதி ரிப்பேரை முடித்துவிடுவாள். மீதிப் பாதிதான் தம்பிக்கு. நம்பரை விட்டால் அதுவும் போய்விடும் என்பதால் அவன் விடவில்லை. யாருக்காவது பேச அவன் ரிசீவரை எடுக்கும்போதெல்லாம், டயல் சத்தம் வரவேண்டிய இடத்தில், "லைன்லதான்டா இருக்கேன்" என்று அக்காவின் குரல் வரும். முதலில் அவன் ரிசீவரைப் பட்டென்று வைத்துவிடுவான். பிறகு பழகிவிட்டது. இப்போதெல்லாம் "இதோ வந்துடறேன்க்கா" என்று சொல்லிவிட்டு, வேண்டிய நம்பரை அழுத்துகிறான்.