மூன்று மில்லிமீட்டர்

"ரம்பத்தை நிறுத்துங்க டாக்டர்! எடுங்க, வெளிய எடுங்க!"

ரோபோ ஆபரேட்டர் போட்ட கூச்சலில் மயக்க மருந்து டாக்டரே எழுந்து நின்றுவிட்டார். சீஃப் சர்ஜன் விசையிலிருந்து விரலை எடுத்தார். ரம்பம் பிடித்த ரோபோவின் கை, பஸ் டிரைவரின் திறந்த முழங்காலுக்கு மேலே அப்படியே உறைந்தது.

"என்னம்மா, உன் மெஷினுக்கு மூட் அவுட்டா?"

"திரையில கோடு ஒரு இடம், எலும்பு ஒரு இடமா இருக்கு சார். ஒரு தடவை தொட்டுக் காட்டுங்க."

சர்ஜன் ரோபோவின் அளவுகோல் முனையால் எலும்பைத் தொட்டார். மூன்று மில்லிமீட்டர் விலகல். தொடை எலும்பில் திருகியிருந்த குறிக்கம்பி அசைந்திருந்தது. கால் எங்கே இருக்கிறது என்பதை அந்தக் கம்பியை வைத்துத்தான் ரோபோ தெரிந்துகொள்ளும். கம்பி நகர்ந்தால், துளிச் சந்தேகமும் இல்லாமல் தப்பான இடத்தில் அறுக்கும்.

"இதை ஓரங்கட்டுங்க. பழைய செட்டைக் கொண்டாங்க சிஸ்டர்."

எலும்புக்குள் நீளக் கம்பி விட்டு, அளவுச் சட்டம் பொருத்தி, இருபது வருடக் கைப்பழக்கத்தில் ஐம்பதே நிமிடத்தில் மூட்டை மாற்றி முடித்தார். முட்டி மடங்கியது, நீண்டது. கச்சிதம்.

மறுநாள் வாக்கரைப் பிடித்து நாலடி நடந்த டிரைவருக்கு வாயெல்லாம் பல்.

"ஆட்டோமேட்டிக் மக்கர் பண்ணா கியர் வண்டிதானே டாக்டர் வீடு சேர்க்கும்!"

வார்டே கைதட்டியது. சர்ஜன் மட்டும் சிரிக்கவில்லை.

மாலை, டைரக்டர் அறை. ஆபரேட்டர் சுவரோரம் நின்றிருந்தாள். கம்பி அசையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. அவளை வேலையை விட்டு நீக்கும் கடிதம் மேஜைமேல் தயாராக இருந்தது.

"ஆரம்பிக்கும்போது ரெண்டு தடவை பார்த்தேன் சார். அசையவே இல்ல."

"அப்புறம் எப்படி நகர்ந்துச்சு? கம்பிக்குக் கால் முளைச்சுதா?" டைரக்டர் பேனாவைத் திறந்தார். "டாக்டர், மெஷினையும் திருப்பி அனுப்பிடலாம். உங்க கை இருக்கிறப்ப அது எதுக்கு?"

சர்ஜன் தன் கைகளைப் பார்த்தார். இரண்டு நாளாக ஆஸ்பத்திரியே புகழும் கைகள். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும், புகழ் அப்படியே நிலைக்கும். அவள் போய்விடுவாள்.

"கையெழுத்துப் போடாதீங்க சார்."

"ஏன்?"

"கம்பில மோதினது என் முழங்கை. பட்டதுமே எனக்குத் தெரியும். ஒண்ணும் ஆகாதுன்னு அறுக்கப் போனேன்."