இருபது மீட்டர் குன்று

பழைய காகித வரைபடத்தை ஸ்கேன் செய்து கொடுத்தால், அதிலுள்ள பழுப்பு நிற உயரக் கோடுகளைக் கம்ப்யூட்டரே பிரித்தெடுத்துவிடும். தடுமாறும் இடத்தில் கேள்விக்குறி போடும். கோடுதான் என்றால் ஏற்பதும், இல்லையென்றால் அழிப்பதும் வரைபட அலுவலகத்தில் அவள் வேலை. நிதானமாகப் பார்ப்பாள். அந்த நிதானத்துக்கு மேலாளர் வைத்த பெயர் ஆமை. வாயைத் திறந்தால் ஒருவரையாவது குத்திக் கிழிக்காமல் மூடத் தெரியாத மனுஷன்.

அன்று ஒரு சமவெளித் தாளில் இரண்டு வட்டங்கள் வந்தன, பெரியதற்குள் சின்னது. எந்தப் புண்ணியவானோ டீத் தட்டை ஒரு தடவையும் கோப்பையை ஒரு தடவையும் வைத்திருக்கிறான். அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"சார், இது கறை மாதிரி இருக்கு. ரொம்ப வட்டமா இருக்கு."

"குன்று வட்டமா இல்லாம சதுரமாவா இருக்கும்? ஆமைக்கு மலைன்னா பயம் போல!"

அறையே சிரித்தது. வெட்கக்கேடு, அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஏற்றாள். கோட்டுக்குப் பத்து மீட்டர் என்று கணக்குப் போட்டு, வெட்டவெளியில் இருபது மீட்டர் குன்றை எழுப்பிக் கொடுத்தது கம்ப்யூட்டர்.

அவளுடைய அண்ணன் வேலை மாற்றலாகி அந்தத் தாளிலிருந்த சமவெளிப் பக்கம் குடிபோய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அங்கிருந்த அணை உடைந்தது. காலையில் அவள் இருக்கையில் உட்காரும்போதே அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"மேட்டுக்குப் போங்கன்னு போனுக்கு மேப் அனுப்பினாங்கம்மா. அந்த இடத்துக்கே வந்துட்டோம். குன்றையே காணோம். தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு."

தாளைத் திறந்தாள்.

"அண்ணா, அங்க குன்று கிடையாது. அது டீக்கறை. நான்தான் சரின்னு விட்டேன்."

தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் அண்ணன் குரலை உயர்த்தினான்.

"பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்பவே சொன்னாரு, அங்க ஒரு மேடும் இல்லன்னு. என் தங்கச்சி ஆபீஸ்ல பாத்துப் போட்ட மேப், உங்களுக்கு என்னய்யா தெரியும்னு நான்தான் அவர் வாயை அடைச்சேன். தெருவே என் பின்னால வந்துடுச்சும்மா, நாப்பது பேரு."

கறை வட்டங்களை அழித்துவிட்டு மிச்சக் கோடுகளைப் பார்த்தாள். அந்த இடத்தைச் சுற்றி எல்லாக் கோடுகளும் வெளிப்பக்கமே ஏறின. அந்தத் தாளிலேயே அதைவிடப் பள்ளமான இடம் கிடையாது.

"சின்னவன் தோள்ல இருக்கான். எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு. நீ பாத்துச் சொன்னா சரியா இருக்கும்."