நாலு தையலுக்கு ஒரு டிக்

எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ஒன்பது வருடமாகத் தையல் மெஷினில் உட்கார்ந்து, ஷூவின் மேல்தோலில் ஒரு கோடு பிசகாமல் தைக்கிறவளுக்கு அது இல்லாவிட்டால்தான் தப்பு. மாதனூர் ரோட்டில் இருக்கும் எங்கள் கம்பெனிக்கு வந்து எழிலரசி யார் என்று கேட்டுப் பாருங்கள். வாட்ச்மேனே மூன்றாவது லைன் என்பார்.

அப்படிப்பட்ட என்னைப் போன மாதம், புதிதாகச் சேருகிறவர்கள் உட்காரும் நூல் வெட்டும் டேபிளுக்கு மாற்றப் பார்த்தார்கள். புதிதாக வந்த மெஷினில் நான் தைத்த தோல்களில் அங்கங்கே தையல் விட்டுப்போயிருந்தது. நாலு தையலுக்கு ஒரு தரம் மெஷினுக்குள் ‘டிக்’ என்று ஏதோ தட்டுகிறது, கோளாறு அதில்தான் என்று சொன்னேன். எங்கள் சூப்பர்வைசர் தௌசீப் அகமது நல்ல மனிதர்தான். வாய்தான் சும்மா இருக்காது.

“ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்,” என்றார், லைன் முழுக்கக் கேட்கும்படி.

நாற்பது பேர் சிரித்தார்கள். அவமானத்தில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கோபம் வந்தால் எனக்கு அழுகை வராது, பேச்சுதான் வரும்.

“நீங்களே காத வச்சுப் பாருங்க சார்.”

வைத்துப் பார்த்தார். “சத்தம் வருதுதாம்மா. புது மெஷின்னா அப்டித்தானோ இன்னாவோ. வாரன்டி இருக்கு, நம்ம ஆளு தொறக்கக் கூடாது. வித்த கம்பெனி இன்ஜினியரயே கேட்டுடலாம். அவரு மெஷின் சரின்னு சொல்லிட்டாருன்னா, நீ நூல் வெட்டப் போவணும். அப்பறம் என்ன கேக்காத.”

மறுநாள் சாப்பாட்டு பெல் அடித்து மற்ற மெஷின்கள் நின்றதும், தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் மெஷின் பக்கத்தில் வைத்தார். எங்கள் போன்களைக் காலையிலேயே கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள், ஆகவே அதுதான் வழி. திரையில் சென்னையிலிருந்து இன்ஜினியர் பரணிதரன், காதில் ஹெட்போனோடு வந்தார். கேமராவில் என் முகம் மட்டும்தான் தெரிந்தது. நான் தோலை வைத்து பெடலை மிதித்தேன். டிக் டிக்கென்று தட்டிக்கொண்டு ஓடியது.

“மெஷின ஓட்டுங்கம்மா,” என்றார் அவர்.

“ஓட்டிக்கிட்டுத்தான் சார் இருக்கேன்.”

“அப்படியா? ஒண்ணுமே கேக்கலையே!”

தௌசீப் சார் லேப்டாப்பை இன்னும் நெருக்கி, ஊசிக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தார். நான் மறுபடியும் மிதித்தேன்.

“உங்க பேச்சு நல்லா தெளிவா கேக்குது. மெஷின் அமைதியா ஓடுது. அதுல ஒரு குறையும் இல்ல. ஆபரேட்டர் மிஸ்டேக்னு ரிப்போர்ட் போட்டுடுங்க சார்.”

தௌசீப் சார் ரிப்போர்ட்டைத் திறந்து அந்த இரண்டு வார்த்தையையும் டைப் அடித்தே விட்டார். ஒன்பது வருடம் அந்த இரண்டு வார்த்தைக்குள் போய்விடும் போலிருந்தது. ஆனால் பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்கிறது என்றாரே, அந்தப் பேச்சு என் மண்டைக்குள் சுற்றியது. இதை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

கொரோனா வருடத்தில் என் மகள் தமிழினி கம்ப்யூட்டர் முன்னால் நின்று பறை கற்றுக்கொண்டாள். பிள்ளை கை வலிக்க அடிப்பாள், அந்தப் பக்கம் மாஸ்டர், “ஏம்மா அடிக்காம நிக்கிற?” என்பார். மூன்று நாள் உட்கார்ந்து நான் கண்டுபிடித்தேன். சத்தத்தை மெருகேற்றுகிறேன் என்று கம்ப்யூட்டர் மனிதர் குரலை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மீதியைக் குப்பை என்று கூட்டித் தள்ளிவிடுகிறது. என் பிள்ளையின் பறை அதற்குக் குப்பை. இன்றைக்கு என் மெஷினும்.

“சார், லேப்டாப்ப இப்டி குடுங்க.”

“ஏம்மா, ஆபீஸ் லேப்டாப்பு! மீட்டிங்ல என் வாய்ஸ் நல்லா வரணும்னு எல்லாத்தயும் பாத்துப் பாத்து ஆன் பண்ணி வச்சிருக்கேன்.”

“அதான் சார் பேஜாரே.”

அவர் வேண்டாம் என்பதற்குள் சவுண்ட் செட்டிங்கைத் திறந்துவிட்டேன். மைக்குக்குள் போய், ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் என்பதை ஆஃப் செய்தேன். பெடலை மிதித்தேன்.

“ஏதோ விட்டு விட்டு வருது,” என்றார் பரணிதரன்.

“இங்க நெட்டு கம்மி சார்,” என்றார் தௌசீப் சார்.

“நெட்டு இல்ல சார், உள்ள இன்னொருத்தன் ஒக்காந்திருக்கான்.” மீட்டிங் ஆப்புக்கும் தனியாக ஒரு இரைச்சல் வடிகட்டி உண்டு. அதையும் நிறுத்தினேன். நூறில் இருந்த மைக்கின் அளவை அறுபதுக்கு இறக்கினேன், இல்லாவிட்டால் எல்லாம் கரகரவென்று கேட்கும். பிறகு மிதித்தேன்.

இன்ஜினியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு விரல் விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

“டிக்,” என்றார் அவரே.

சாப்பாட்டு டப்பாவோடு சுற்றி நின்ற பெண்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

“கீழ நூலக் கவ்வுற ஹூக், ஊசியில இடிக்குது. ஸ்க்ரூ லூசாகி நகர்ந்திருக்கு. தையல் விடாம என்ன பண்ணும்? நாளைக்கு ஆள் அனுப்பறேன், அதுவரைக்கும் இதுல தைக்காதீங்க.” பிறகு கேட்டார், “நாலுக்கு ஒண்ணுன்னு சரியா புடிச்சது யாரு சார்?”

“எங்க எழிலரசி,” என்றார் தௌசீப் சார். நேற்று வரை இல்லாத ‘எங்க’ அது. பொய் சொல்வானேன், எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் ரிப்போர்ட்டில் அடித்திருந்த இரண்டு வார்த்தையையும் அழித்தார்.

“மேடை கோணல்தாம்மா,” என்றார். அதுவும் லைன் முழுக்கக் கேட்டது.

நான் விடுவேனா? “அப்போ ஆட்டம் எப்டி சார்?”

அவர் சிரித்துக்கொண்டே கீபோர்டைத் தட்டினார். காரணம் என்ற கட்டத்தில் மெஷின். கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில் எழிலரசி, மூன்றாவது லைன். எட்டிப் பார்த்து, பெயரை எழுத்துக் கூட்டிச் சரிபார்த்த பிறகுதான் சாப்பிடப் போனேன்.